இடப்பக்கச் சக்கரம்

"நியாயம் முழுக்க என் பக்கம் இருக்கும்மா. ஆனாலும் என் மக அசையமாட்டேங்கிறா. ஏன்?"

மலை மடத்தின் தலைவி தயாபரி அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டவர் குமாரவடிவேல். நீதிமன்றத்திலேயே தலை நரைத்த வழக்கறிஞர்; தம்மினும் இளையவரான அந்த அம்மையாரைக் குருவாக ஏற்று மடத்தில் தங்கியிருப்பவர்.

"நீங்க பேசிப் பார்த்தீங்களா, வக்கீல் ஐயா?"

"பேசாம இருப்பேனா? நேர்ல பேசினேன், போன்ல பேசினேன். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடப் பலமான வாதம்."

"அவ?"

"இப்பல்லாம் போனையே எடுக்கிறதில்ல."

அம்மையார் ஒரு தண்டை ஒடித்து, முற்றல் என்று கண்டு, ஒதுக்கிப் போட்டார்.

"சரி, ஜீப்பை எடுங்க. நேரமாகுது."

மகள் எழிலி அவருடைய அலுவலகத்திலேயே இளைய வழக்கறிஞராக இருந்தவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியின்மேல் போட்டுவிட்டு வெளியேறினாள். பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை; அவளைத் திரும்ப வரவழைக்கத்தான் அவருடைய வாதமெல்லாம். இன்று மாலை ரயிலேறி, கணவனோடு வெளிநாடு போகிறாள். நான்கு மணிக்குள் அடிவாரத்து வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம் என்று மருமகன் வழியாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

மடத்து ஜீப் மிகப் பழையது. குமாரவடிவேல் ஓட்டினார், அம்மையார் பக்கத்தில் அமர்ந்து மடியிலிருந்த வறுகடலையைத் தின்றுகொண்டு வந்தார்.

பாதி மலை இறங்கியதும், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி இடப்பக்கம் இழுத்தது. முன்சக்கரம் பஞ்சர்.

"பத்து நிமிஷ வேலைம்மா" என்று குமாரவடிவேல் இறங்கினார்.

பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தார். ஸ்டெப்னியை இறக்கினார். ஜாக்கி வைக்கும் முன்பே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஸ்பேனரை முதல் நட்டில் மாட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அழுத்தினார்.

அம்மையார் சாலையோரச் சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பக்கமாவா திருப்புறீங்க?"

குமாரவடிவேல் நிமிர்ந்தார்.

"நட்டுன்னா அப்படித்தாம்மா. ஒண்ணு, இது ஊரறிஞ்ச வழக்கம். ரெண்டு, தண்ணிக் குழாயிலேருந்து ஊறுகாய் பாட்டில் மூடி வரைக்கும் இப்படித்தான் கழலும். மூணு, போன மாசம் இதே ஜீப்போட வலப்பக்கச் சக்கரத்தை நான்தானே கழட்டினேன்?"

"சரி."

அந்தச் 'சரி' அவருக்கு இனித்தது. எதிர்த்தரப்பு வாதத்தை முடித்துக்கொண்டு அமரும்போது உண்டாகும் நிறைவு அது.

நட்டு சற்றே நகர்ந்து, பிறகு பிடித்துக்கொண்டது. ஸ்பேனரின்மேல் ஏறி நின்றார். நகரவில்லை. வண்டிக்குள் கிடந்த இரும்புக் குழாயைச் செருகி, பிடியை நீளமாக்கி, உடம்பின் எடை முழுவதையும் போட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேறொருவராக இருந்தால் அடுத்த நட்டைத் தொட்டுப் பார்த்திருப்பார். தொடங்கியதை முடிக்காமல் அடுத்ததைத் தொடும் வழக்கம் குமாரவடிவேலுக்கு இல்லை.

"எந்த முரடனோ இறுக்கித் தொலைச்சிருக்கான்மா!"

"அப்படியா?"

"மனுஷன் கையால இறுக்கின மாதிரியே இல்ல."

அம்மையார் ஒரு கடலையின் தோலை ஊதினார்.

"முதல்ல கொஞ்சமாவது நகர்ந்துதா?"

"நகர்ந்துது. கால் சுத்து வந்திருக்கும். அப்புறம் பிடிச்சுக்கிச்சு."

"கழல்ற நட்டு போகப் போக லேசாகுமா, கெட்டியாகுமா?"

குமாரவடிவேல் ஸ்பேனரை உருவினார்.

மெல்லக் குனிந்தார். போல்ட்டின் முனையில் படிந்திருந்த சேற்றை வேட்டி நுனியால் துடைத்தார். அங்கே இடப்பக்கத்தைக் குறிக்கும் 'எல்' என்னும் ஆங்கில எழுத்து செதுக்கப்பட்டிருந்தது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் போல்ட்டின் திருகு மரையை எதிர்த்திசையில் வெட்டிய பழங்கால வண்டி அது.

இவ்வளவு நேரமும் அவர் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"முரடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சா?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!"

"கேட்டேனே. நீங்கதான் மூணு காரணம் சொன்னீங்க."

வெட்கமும் அவசரமும் சேர்ந்துகொள்ள, அவர் ஸ்பேனரைத் திருப்பி மாட்டி, மறுதிசையில் வெடுக்கென்று அழுத்தினார். ஸ்பேனர் வழுக்கியது. விரல் முட்டிகள் சக்கரத்தின் இரும்பு விளிம்பில் போய் மோதின. தோல் பிய்ந்து இரத்தம் கசிந்தது.

"இப்பத்தான் பக்கம் சரியாச்சே, ஏன் வரமாட்டேங்குது?" என்றார், வலியோடு.

"பக்கம் சரியாகி ஒரு நிமிஷந்தான் ஆகுது. நீங்க இறுக்கினது அதுக்குத் தெரியுமில்ல?"

அம்மையார் எழுந்து வந்தார். ஒரு கந்தலை டீசலில் நனைத்து நட்டின்மேல் பிழிந்தார். சிறு சுத்தியலை எடுத்து, நட்டின் பக்கங்களில் சுற்றிச் சுற்றித் தட்டினார். கதவு தட்டும் அளவுக்குத்தான், அதற்குமேல் இல்லை. பிறகு மறுபடி போய்ச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, மணி மூணு தாண்டிடுச்சு."

"டீசல் உள்ள இறங்கட்டும்."

"மக கிளம்பிடுவா!"

"இறுக்க நேரம் இருந்துது."

பள்ளத்தில் எங்கோ ஒரு லாரி பல்லைக் கடித்துக்கொண்டு மேடேறும் ஓசை கேட்டது. கடலைப் பொட்டலத்தை அம்மையார் அவரிடம் நீட்டினார், அவர் எடுக்கவில்லை.

"கோட்டைக் கழட்டிப் போட்டாளே, அன்னிக்கு என்ன சொன்னா?"

"'அப்பா, எனக்கு இந்த வேலையில...'ன்னு தொடங்கினா. உடனே நான் சொன்னேன், இந்த வேலையில உனக்கு என்ன குறைன்னு. அலுவலகம் இருக்கு, பேர் இருக்கு, கட்சிக்காரங்க..."

"நீங்க சொன்னதை நான் கேக்கல."

"அவ... எனக்கு இந்த வேலையிலன்னு..."

"முடிச்சாளா?"

குமாரவடிவேல் சக்கரத்தைப் பார்த்தபடியே நின்றார். நட்டைச் சுற்றி டீசல் கறுத்த வளையமாகப் பரவியிருந்தது.

டீசல் உள்ளே இறங்கியதும் அம்மையார் சொன்னார்: "இப்பப் பாருங்க. வெட்டி இழுக்காதீங்க. சும்மா சாஞ்சுக்குங்க."

அவர் ஸ்பேனரை ஆழமாகப் பொருத்தினார். குழாயைச் செருகினார். சரியான திசையில், உலுக்காமல், ஓங்காமல், மெல்ல மெல்லத் தம் எடையைச் சாய்த்தார்.

முதலில் ஒன்றும் நிகழவில்லை. அவர் சாய்ந்தபடியே இருந்தார்.

கிறீச்சென்று ஓர் ஒலி. நட்டு இளகிக் கொடுத்தது.

மற்ற நட்டுகளை அவர் இறுக்கியிருக்கவில்லை. அவை தொட்டவுடன் கழன்றன.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அடிவாரத்து வீட்டு வாசலில் டாக்ஸி நின்றது. மருமகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அம்மையார் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை.

கதவைப் பாதி திறந்து நின்றாள் எழிலி. தாழ்ப்பாளை விடாமல் பிடித்திருந்தாள்.

"நேரமில்லப்பா. சொல்ல வந்ததைச் சொல்லிடுங்க."

மூன்றாண்டுகளாகத் தீட்டிவைத்திருந்த வாதம் அவர் நாக்கின் நுனிக்கு வந்தது. "எழிலி, ஒண்ணு..." என்று தொடங்கினார்.

தாழ்ப்பாளைப் பற்றியிருந்த விரல்கள் இறுகி வெளுத்தன.

அவர் நிறுத்தினார்.

"'எனக்கு இந்த வேலையில...' அப்படின்னு அன்னிக்கு நீ தொடங்கினியேம்மா. நான் முடிக்க விடல. மீதி என்ன?"

டாக்ஸிக்காரர் ஒலியெழுப்பினார். மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

குமாரவடிவேல் காத்திருந்தார். வாசலில் நின்றபடியே நின்றார்.

தாழ்ப்பாளிலிருந்து அவள் கை மெல்ல நழுவியது.

"கையில என்னப்பா, ரத்தம்?" என்றாள். "உள்ள வாங்க."