மெத்தைக்குப் போன பசு

விலையுயர்ந்த பொருள் ஒன்று வீட்டுக்குள் வந்தபின், வாழ்வு மெய்யாகவே மேம்பட்டதா என்று நீங்கள் ஒரு நாளாவது சோதித்ததுண்டா? பொரிப்பாளையத்துச் சகோதரர் மூவர் சோதித்தார்கள். அவர்களைப் பார்த்தாவது நாம் வெட்கப்படுவோமாக.

மூத்தவர் சடையப்பருக்கு முதுகுவலி. பாயில் தூக்கம் பிடிக்கவில்லை. தம்பியர் ஏகாம்பரமும் வேம்புவும் வீட்டின் ஒரே கறவைப்பசுவைக் கடையில் கொடுத்து, இருப்பதிலேயே உயர்ந்த மெத்தையை வாங்கினார்கள். அந்த வீட்டுச் சோறு அப்பசுவின் மடியில்தான் இருந்தது.

கடைக்காரர் நல்லவர். "மத்தியானம் படுத்துப் பாருங்க. தூக்கம் நல்லா வருதான்னு கூடவே இருந்து கவனிங்க. வரலைன்னா பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் கொண்டாங்க, மாட்டைத் தந்துடறேன்."

சடையப்பர் படுத்தார். கண் செருகியது.

"தூங்கறாரு போலிருக்கு," என்றான் வேம்பு.

"போலிருக்குன்னு சொல்லி ஒரு மாட்டை விட்டுடலாமாடா? கேட்டுடணும்." ஏகாம்பரம் தோளைப் பிடித்து உலுக்கினார். "அண்ணே, நல்லாத் தூங்கறீங்களா?"

"தூங்கிட்டுத்தான் இருந்தேன்."

"இப்போ?"

"இப்போ இல்லை."

ஏகாம்பரத்தின் முகம் இருண்டது. "பாத்தியா? நம்ம கண்ணெதிர்லயே நின்னுபோச்சு."

வேம்பு நியாயவான். "பாயையும் வெச்சுப் பாத்துதான் தீர்ப்புச் சொல்லணும், சின்னண்ணே."

ஆகவே சடையப்பரின் முதுகு மெத்தையிலும் கால்கள் பாயிலும் கிடத்தப்பட்டன. கண்ணயர்ந்ததும் எழுப்பினார்கள்.

"பெரியண்ணே, முதுகு நல்லாத் தூங்கிச்சா, காலா?"

அவர் காலையும் முதுகையும் தொட்டுப் பார்த்தார். "கால்தான் கொஞ்சம் முந்திக்கிச்சு. முதுகு தூங்கப் போறப்ப நீங்க எழுப்பிட்டீங்க."

இப்படியே எழுப்பி எழுப்பிக் களைத்த தம்பியர், மெத்தைக்கு ஆளுக்கொரு புறமாக வெறுந்தரையில் சாய்ந்து குறட்டை விட்டனர். அடுத்த கேள்வியைத் தவறவிடலாகாது என்று சடையப்பர் மட்டும் இமை மூடாமல் கிடந்தார்.

அவர்கள் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"பொறந்ததிலேருந்து இப்படித் தூங்கினதில்லைடா," என்றார் ஏகாம்பரம்.

"எனக்கும் அப்படித்தான். பக்கத்துல கிடந்ததுக்கே இந்தச் சுகம்னா, லேசுப்பட்ட மெத்தையா இது?"

மெத்தை வீட்டிலேயே தங்கியது; பசுவின் கதை அத்துடன் முடிந்தது.

"நான் மேல படுத்ததுதான் தப்பு," என்றார் சடையப்பர், சிவந்த கண்களோடு.

"அப்போ கீழே வாங்கண்ணே."

"எங்கடா வர்றது? மெத்தைக்கு ரெண்டு பக்கந்தானே, ரெண்டுலயும் நீங்க இருக்கீங்க. கட்டுத்தறியில கன்னுக்குட்டி நிக்குது. அதைக் கொடுத்து இன்னொரு மெத்தை வாங்கியாங்க, நான் அது பக்கத்துல படுத்துக்கறேன். நாளைக்குன்னு தள்ளாதீங்கப்பா. கடை சாத்தறதுக்குள்ள இன்னைக்கே ஓடுங்க."