மருதாணி இட்ட கை

அந்த அழகு நிலையத்தில் குருவுக்கு வயது இருபத்தொன்பது, சிஷ்யைக்கு நாற்பத்தெட்டு. குருவான சஃபியாவை சிஷ்யை "டீச்சர்" என்பாள். சிஷ்யையான அங்கயற்கண்ணியை குரு "அக்கா" என்பாள். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

அங்கயற்கண்ணி பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு வந்தவள். "இந்த வயசுல சீப்பும் கத்தரியுமா?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேலி. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு மாதம் கற்றாள். அப்புறம் ஒருநாள் சஃபியா சொன்னாள்.

"தாரிணி தலையைச் சரிபண்ணிக் காட்டுங்க அக்கா. ரெண்டாவது நாற்காலி உங்களுக்கு. இனி நீங்களே தனியா ஆளுங்களைப் பார்க்கலாம்."

தாரிணி தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். காலையில் தலைக்குக் குளித்தால் மதியத்துக்குள் தலையில் எண்ணெய் வழியும்.

அங்கயற்கண்ணிக்குப் பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கடகடவென்று சொன்னாள். "வாரத்துக்கு ரெண்டு தடவை அலசினா போதும்மா. வெதுவெதுப்பான தண்ணி. ஷாம்பு மண்டைக்கு மட்டும், கண்டிஷனர் நுனிக்கு மட்டும். சீப்பைக் கழுவு. தலையணை உறையை அடிக்கடி மாத்து."

சொன்னது அத்தனையும் சரி. மனசு கேட்க வேண்டுமே. தாரிணி தினமும் வேலைக்குப் போகிற வழியில் தலையைக் காட்டிவிட்டுப் போவாள். இவள் உச்சியில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பாள். கொஞ்சம் மினுங்கினாலும் உடனே துண்டை எடுத்துவிடுவாள்.

"உட்காரு, இன்னிக்கு மட்டும் ஒரு தடவை அலசிவிடறேன்."

இந்த 'இன்னிக்கு மட்டும்' மூன்று வாரம் ஓடியது. தலை முன்பைவிட மோசமானது.

சனிக்கிழமை தாரிணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நான் வேற இடம் பார்த்துக்கறேங்க்கா. கோவிச்சுக்காதீங்க."

அங்கயற்கண்ணி கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். நாற்காலி போச்சு, வீட்டில் சிரிப்பார்கள். நேரே சஃபியாவிடம் போனாள்.

"எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன் டீச்சர். இன்னும் என்னதான் போடணும்?"

சஃபியா தாரிணியைப் பார்த்து, "நாளைக்கு ஒரே ஒரு நாள் வாம்மா. தலையை வீட்டிலேயே அலசிட்டு வா" என்றாள்.

ஞாயிறு காலை தாரிணி வந்தாள். சஃபியா ஒரு புட்டியையும் திறக்கவில்லை. ஒரு கிண்ணம் மருதாணி அரைத்தாள். தாரிணியின் இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை அப்பினாள்.

"தலைக்கு, டீச்சர்?" என்றாள் அங்கயற்கண்ணி.

"தலைக்கு ஒண்ணும் இல்ல. பார்த்துக்கிட்டே இருங்க."

தலைக்கு வந்தவளுக்குக் கையில் மருதாணி, இது என்ன கூத்து என்று நினைத்தபடியே அவள் பார்த்தாள். தாரிணியின் கை நொடிக்கொரு தரம் தலைக்குக் கிளம்பியது. நெற்றி முடியை ஒதுக்க, உச்சி பிசுபிசுக்கிறதா என்று தடவ, சும்மா கோத. ஒவ்வொரு முறையும் மருதாணி ஞாபகம் வந்து பாதி வழியில் நின்றது. மதியச் சோற்றை அங்கயற்கண்ணிதான் ஊட்டிவிட்டாள்.

மணி மூன்றானது. சஃபியா ஒரு டிஷ்யூ காகிதத்தை தாரிணியின் உச்சியில் அழுத்தி எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பேருக்குக்கூட எண்ணெய்க் கறை இல்லை.

"காலையிலேர்ந்து நான் தலையைத் தொடவே இல்ல" என்றாள் தாரிணி, தனக்குத்தானே சொல்வதுபோல.

அங்கயற்கண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தியா, எல்லாம் உன் கை பண்ணின வேலை" என்றாள். பிறகு சஃபியா பக்கம் திரும்பி, "அப்போ நாற்காலி எனக்குத்தானே டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே, நிஜமாகவே எண்ணெய் இல்லையா என்று பார்க்க தாரிணியின் உச்சிக்கு விரலைக் கொண்டுபோனாள்.

சஃபியா அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். அப்படியே அழைத்துப்போய் இரண்டாவது நாற்காலியில் உட்கார வைத்தாள். மீதி மருதாணி இருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"உங்களுக்குத்தான் அக்கா. முதல்ல கையை நீட்டுங்க."