மலையூரில் இறங்கிய விமானம்

நாச்சிமுத்து மகளின் அறையிலிருந்த கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் விமானம் கட்டினார்.

கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் பட்டறை நடத்தியவர். இரும்பை வளைக்கவும் ஒயர் இழுக்கவும் தெரியும். பெரிய திரைகள், திருப்பும் கைப்பிடி, கால்மிதிகள், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு சீட்டுகள், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் ஒரு சிமுலேட்டர். உலகத்தின் அத்தனை விமான நிலையங்களும் அதற்குள் இருந்தன. அவருக்கு ஒன்று போதும். வடகிழக்கே மலைகளுக்கு நடுவில் ஒரு மலையூர், அங்கே ஒரு சின்ன ஓடுபாதை. அதற்குச் சற்று முன்னால் நிற்கும் மலையில்தான், மகள் சுபிக்ஷா துணை விமானியாகப் போன சரக்கு விமானம் மேகத்துக்குள் மோதியது.

பட்டறையைத் தம்பி பார்த்துக்கொண்டார். நாச்சிமுத்து அந்த ஓடுபாதையில் இறங்கப் பார்த்தார்.

மேகத்துக்குள் கண் உதவாது. ரேடியோ கதிர்கள் இரண்டைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒன்று விமானத்தைப் பாதைக்கு நேராக நிறுத்தும். மற்றது சரிவாகக் கீழே கூட்டிப்போகும். அவருடைய விமானம் இரண்டையுமே பிடிக்கவில்லை. மலையில் மோதும், அல்லது பாதையைத் தாண்டிப் போய் அடுத்த மலையில் மோதும். திரை கறுக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

கடைசியில் கேப்டன் மெஹருன்னிசாவுக்குப் போன் செய்தார். நாச்சிமுத்துவைவிட வயதில் ரொம்பச் சின்னவர் அவர். வலிப்பு வந்து பறக்கும் உரிமம் போனபின், தரையிலிருந்தே விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்து வந்தார். சுபிக்ஷாவுக்கும் கற்றுக்கொடுத்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேப்டன் வந்தார். வாசலில் நாச்சிமுத்துவின் மனைவி ருக்குமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படியாவது இறக்கக் கத்துக்குடுத்துருங்க. ஒருக்கா இறங்கிட்டா எந்திரிச்சு வந்துருவாருங்க."

உள்ளே நாச்சிமுத்து கேட்ட முதல் கேள்வி வேறு.

"அன்னைக்கு அதை இறக்கியிருக்க முடியுங்களா கேப்டன்?"

"நீங்க எப்படி இறக்குறீங்கன்னு காட்டுங்க சார்."

துணை விமானி உட்காரும் வலது சீட்டில் யாரையும் நாச்சிமுத்து உட்காரவிடுவதில்லை. கேப்டன் பின்னால் நின்றுகொண்டார். விமானம் மலையை நோக்கிப் போனது. கதிரைக் காட்ட வேண்டிய முள் அசையவே இல்லை. திரை கறுத்தது.

"இதேதாங்க. எப்பவும் இதேதான்."

கேப்டன் குனிந்து ஒரு ஸ்விட்சைத் தொட்டார். "இது ஜிபிஎஸ்ல இருக்கு. கதிர் வர்றது ரேடியோவுல. கதிர் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு சார். நீங்க கேக்கல."

ஸ்விட்சை மாற்றினார். முள் மெல்ல நகர்ந்து நடுவில் நின்றது. விமானம் பாதைக்கு நேரே திரும்பியது. ஆனால் சரிவுக் கதிர் சிக்கவில்லை. விமானம் பாதைக்கு மேலேயே கடந்து போய், அப்பால் இருந்த மலையில் மோதியது.

"ஏன் இவ்வளவு உயரத்துல வர்றீங்க?"

"அங்க மலை இருக்குதுங்களே."



"இருக்கு. ஆனா மேலே இருந்து அந்தக் கதிரைத் துரத்திப் பிடிக்க முடியாது. தாழ வந்து காத்திருக்கணும். அதுவா வந்து சேரும். வரைபடத்துல போட்டிருக்கிற உயரத்துக்கு இறங்குங்க. அந்த உயரத்துல மலை உங்களைத் தொடாது."

"தொடாதுங்களா?"

"தொடாது சார்."

அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. மலை நெருங்கும்போதெல்லாம் கை தன்னால் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தது. ஒவ்வொரு ஞாயிறும் கேப்டன் பின்னால் நின்று, "இழுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். ருக்குமணி டீயை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த அறைக்குள் அவள் கால் வைப்பதில்லை.

ஒரு ஞாயிறு, அன்றைக்கிருந்த அதே மேகத்தையும் மழையையும் கம்ப்யூட்டரில் போட்டார் நாச்சிமுத்து. திரை முழுக்கச் சாம்பல் நிறம். நேர்முள் நடுவுக்கு வந்தது. தாழ்ந்து, காத்திருந்தார். சரிவு முள்ளும் இறங்கி வந்து நடுவில் நின்றது. மலை எங்கோ அடியில் கடந்துபோனது. அவர் அதைப் பார்க்கவில்லை. மேகத்தின் அடி கிழிந்தது. எதிரே ஓடுபாதை விளக்குகள்.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. விமானம் ஓடி, வேகம் குறைந்து, நின்றது.

நாச்சிமுத்து சட்டென்று சீட்டிலிருந்தபடியே பின்னால் திரும்பினார்.

"இறக்கிட்டேன். அப்ப இறக்க முடியும். பம்ப்செட் மாட்டுற ஆளுங்க நானு. நானே இறக்கிட்டேன். அவ ஏன் இறக்கல? அவளுக்குச் சொல்லிக்குடுத்தவங்க நீங்கதானே, சொல்லுங்க! அவ ஏன் இறக்கல?"

வெளியே டம்ளர் ஒன்று உருண்டது. ருக்குமணி நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

கேப்டனின் முகம் வெளுத்திருந்தது. குரல் மாறவில்லை.

"கதவைத் திறங்க சார்."

"என்னங்க?"

"இறங்கின விமானத்துக்குக் கதவைத் திறக்கணும். திறங்க."

அந்தப் பட்டன் எங்கே என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. அதுவரை அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. கேப்டன் காட்டினார். நாச்சிமுத்து அழுத்தினார். திரையில் இப்போது விமானத்தை வெளியிலிருந்து பார்க்க முடிந்தது. முன்கதவு மெல்ல விலகியது. படி இறங்கித் தரையைத் தொட்டது. படியின் மேல் மழை பெய்தது.

நாச்சிமுத்து திரையை ஒட்டிக் குனிந்தார். கதவுக்குள் இருட்டாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரும் வரலீங்களே," என்றார்.

ஸ்பீக்கரில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெகுநேரம் கழித்து நாச்சிமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நீங்களும் இதை இறக்கிப் பாத்திருக்கீங்களா கேப்டன்?"

"பாத்திருக்கேன் சார். அந்தச் சேதி வந்த நாள்லேருந்து."

"இறங்குச்சுங்களா?"

"ஒவ்வொரு தடவையும் இறங்குச்சு."