கரையடியில் வந்த கங்கை

ஒரு காலத்துல கருங்காட்டூர்ச் சீமையை கஜகேதுன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனா காதுல எது முதல்ல விழுதோ அதை அப்படியே நம்பிடுவார். அப்புறம் யாராவது மாத்திச் சொன்னா மூக்குக்கு மேல கோபம் வரும்.

ஊருக்கு மேற்கே ஒரு மண்ணணை. மழைக்காலத்துல காட்டாறு பாய்ஞ்சு வந்து ஊரை வாரிக்கிட்டுப் போகாம இருக்க, ராஜாவோட பாட்டனார் கட்டினது. சுத்துவட்டாரம் பூராவும் கரிசல் மண்ணு. அது காய்ஞ்சா வெடிச்சிடும்னு, பத்து காதம் தள்ளியிருந்து வண்டி வண்டியா செம்மண் களி கொண்டாந்து, கரைக்கு நடுவுல கொட்டி யானையை விட்டு மிதிக்க வச்சார். கரைக்குக் கீழே முந்நூறு வீடு.

மந்திரி சோலையப்பர் வெளிநாட்டுக்குத் தூது போயிட்டு அன்னைக்குத்தான் திரும்பினார். கோட்டை வாசல்ல ஒரே மேளம். ராஜா ஈர வேட்டியோட பல்லக்குல வந்து இறங்குறார்.

"வாரும் மந்திரியாரே! நீர் இல்லாத நேரத்துல கங்கையே நம்ம ஊருக்கு வந்துட்டா! அணைக்கரை அடியில ஊற்று கிளம்பியிருக்கு. நம்ம விருபாட்சர்தான் கண்டுபிடிச்சார். ஒன்பது நாளா அங்கதான் எனக்கு ஸ்நானம்!"

மந்திரி திடுக்கிட்டுக் கேட்டார். "கரை அடியிலயா மகாராஜா?"

விருபாட்சர் யாருன்னா, அணையைப் பராமரிக்கிற அதிகாரி. மந்திரி பதவி மேல அவருக்குப் பல வருஷமா ஒரு கண்ணு. "பார்த்துப் பேசும் மந்திரியாரே," அப்படின்னு குறுக்கே வந்தார். "தீர்த்தத்தைக் கசிவுன்னு சொல்றவன் நாக்கை அறுக்கணும்னு தண்டோரா போட்டாச்சு."

ராஜா கையைத் தட்டினார். "நாளைக்கு உச்சிவேளையில கடப்பாரை போட்டு ஊற்றுக்கண்ணைப் பெருசாக்கப் போறோம். ஊரே குளிக்கலாம்!"

அட கடவுளே! மந்திரி வீட்டுக்குக்கூடப் போகலை. நேரா கரைக்கு ஓடினார். அடியில ஒரு கை நுழையுற அளவுக்கு ஓட்டை, தண்ணி கொப்புளிச்சுக்கிட்டு வருது. அள்ளிப் பார்த்தார். செக்கச்செவேர்னு கலங்கல்! எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும், அது தெளிஞ்ச தண்ணியா இருந்தா பயமில்லை. கலங்கி வந்தா, உள்ளுக்குள்ள கரை கரைஞ்சுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். அண்ணாந்து பார்த்தார். அந்த ஓட்டைக்கு நேர் மேலே, கரை உச்சியில, பந்தல் போட்டு ராஜாவுக்கு சிம்மாசனம்! இதுல கடப்பாரை வேறயா? வாயைத் திறந்தா நாக்கு போகும். திறக்காட்டி நாளைக்கு முந்நூறு வீடும் போகும்.

மறுநாள் பந்தல்ல ராஜா வந்து உட்கார்ந்ததும் மந்திரி கும்பிட்டார். "மகாராஜா, ஊற்றுக்கண்ணைத் திறக்கிறதுக்கு முன்னால கங்கைக்கு மரியாதை செய்யணும். தங்களோட வெண்பட்டுல வடிகட்டித் தீர்த்தம் எடுப்போம்."

ராஜா குளிர்ந்துபோய் அங்கவஸ்திரத்தை உருவிக் கொடுத்தார். இருபது குடம் ஊத்தினாங்க. பட்டுல ரெண்டு கை மண்ணு தங்குச்சு. அதை மந்திரி தட்டுல வச்சு நீட்டினார்.

"என்னய்யா இது, செம்மண்ணா இருக்கு? நம்ம சீமையே கரிசலாச்சே?"

"ஆமா மகாராஜா. இங்க செம்மண் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு."

"எங்க?"

"நான் சொன்னா நாக்கு போயிடும். தாங்களே சொல்லுங்க. ராஜா நாக்கை யார் அறுப்பா?"

ராஜா யோசிச்சார். "பாட்டனார் கொண்டாந்து இந்தக் கரைக்குள்ள..." காலுக்குக் கீழே பார்த்தார். "அய்யய்யோ!"ன்னு அவர் துள்ளிக் குதிச்சதுல கிரீடம் உருண்டு ஓடுச்சு.

"பயப்படாதீங்க மகாராஜா," விருபாட்சர் பதறினார். "அது பக்தர்களோட காலடி மண்ணு!"

"அப்படியா? ரொம்ப நல்லது," மந்திரி கடப்பாரையை எடுத்து அவர் கையில கொடுத்தார். "கண்டுபிடிச்சவர் கையாலயே முதல் குத்து. நீங்க கீழே நின்னு குத்துங்க. நாங்க எல்லாரும் அதோ தள்ளியிருக்கிற பாறை மேல ஏறி நின்னு பூத்தூவுறோம்."

விருபாட்சர் கீழே ஓட்டையை எட்டிப் பார்த்தார். கடப்பாரையைப் போட்டுட்டு ராஜா கால்ல விழுந்தார். "கோடையிலயே கரையில கரையான் புத்து இருந்துச்சு மகாராஜா. தோண்டி அடைக்காம விட்டுட்டேன். கசிவு வந்ததும் தலை போயிடுமேன்னு தீர்த்தம்னு சொல்லிட்டேன்!"

"அடைங்கடா ஓட்டையை!"ன்னு ராஜா கத்தினார்.

"வேண்டாம் மகாராஜா!" மந்திரி தடுத்தார். "இங்க அடைச்சா இன்னொரு பக்கம் பிச்சுக்கும். மதகைத் திறந்து அணைத் தண்ணியை இறக்குங்க. ஓட்டை வாயில மணல், அது மேல சரளை, அதுக்கும் மேல கல்லு கொட்டுங்க. தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது. ஊர்ச்சனத்தை உடனே மேட்டுக்கு ஏத்துங்க!"

பொழுது சாயுறதுக்குள்ள தண்ணி தெளிஞ்சுபோச்சு. ஆனா ஊருக்குப் போன சேவகங்க பேயறைஞ்ச மாதிரி திரும்பி வந்தாங்க. "மகாராஜா, முந்நூறு வீட்டுலயும் ஒரு ஆள் இல்லை. ஆடு மாடுகூட இல்லை!"

எல்லாரும் அந்தாண்டை கோயில் மேட்டுல குடிசை போட்டு இருந்தாங்க. மந்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஓட்டையையே வெறிச்சுப் பார்த்தவரு, கீழே ஒரு அடுப்பும் புகையலைங்கிறதைப் பார்க்கலையே! காத்தாயின்னு ஒரு நாத்து நடுறவளைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க.

"எப்போ போனீங்க?" ராஜா கேட்டார்.

"முதல் நாளே சாமி. தண்ணி கலங்கி வந்துச்சே. கரைக்குக் கீழே குடியிருக்கோம், இதுகூடத் தெரியாதா?"

"ஏன் என்கிட்ட சொல்லலை? நான் அது மேலயே உட்கார்ந்திருந்தேனே!"

"நாக்கை அறுப்பேன்னீங்களே சாமி. அதான், ராஜா இன்னைக்காவது சீக்கிரம் குளிச்சு முடிச்சுட்டு எந்திரிச்சுப் போகணும்னு தினமும் சாமிகிட்ட வேண்டிக்கிட்டோம்."

ராஜாவுக்கு முகம் செத்துப்போச்சு. மந்திரி தலையை நிமிர்த்தவே இல்லை. விருபாட்சரோட அணை அதிகாரி முத்திரையை வாங்கி ராஜா காத்தாயி கையில கொடுத்தார். அப்புறம் தண்டோராக்காரனைக் கூப்பிட்டு, "ராஜா போட்ட உத்தரவு தப்பு, இனிமே யாரும் எதையும் சொல்லலாம்னு தெருத்தெருவா அடி"ன்னார்.

பாவம், ராஜா தப்புன்னு சொன்னா தன் நாக்கு போயிடுமோன்னு அவன் தயங்கினான். கடைசியில கஜகேது ராஜாவே பறையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு, தன் வாயாலயே சொல்லிக்கிட்டுப் போனார்.