சாலையில் போட்ட மேசை

“சிஸ்டர், நம்ம வேலை முடிஞ்சிடுச்சா?”

கேட்டவர் டாக்டர் காசிராஜன். புயல் கரையைக் கடந்து அன்று நான்காம் நாள். ஆண்டிக்கழி ஊரின் கல்யாண மண்டபத்தில் மருத்துவ முகாம் தொடங்கி இரண்டாம் நாள். காலையில் வாசல்வரை நின்ற கூட்டம் பதினோரு மணிக்கே வடிந்துவிட்டது. பெட்டிகளில் பாதி மருந்து அப்படியே கிடந்தது.

சலேத்மேரி கத்தரிக்கோல்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

காசிராஜனுக்கு ஐம்பத்தெட்டு வயது. திருச்சியில் பேர்போன அறுவை மருத்துவர். சலேத்மேரி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர், நர்ஸ். வெள்ளம், புயல், மண்சரிவு என்று எங்கிருந்து செய்தி வந்தாலும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வேனில் கிளம்பிவிடுகிறவர்.

இந்த வேலையைத் தனக்குக் கற்றுத்தர வேண்டும் என்று காசிராஜன்தான் அவரைத் தேடிப் போயிருந்தார். கற்றுத்தரத் தன்னிடம் ஒன்றும் இல்லை, வேலை மட்டும் நிறைய இருக்கிறது, வந்தால் வரலாம் என்று சலேத்மேரி சொல்லியிருந்தார்.

காசிராஜன் மறுபடியும் கேட்டார்.

சலேத்மேரி கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். காசிராஜன் பின்னாலேயே போனார்.

மொட்டைமாடியிலிருந்து ஊர் முழுக்கத் தெரிந்தது. தலை முறிந்த தென்னைகள். ஓடு பறந்த வீடுகள். கிழக்கே, தேங்கிய தண்ணீருக்கு நடுவில் ஒற்றையாய் ஒரு மண்கரை. அதன்மேல் வரிசையாகத் தார்ப்பாய்கள். ஐந்தாறு இடங்களில் அடுப்புப் புகை.

சலேத்மேரி அந்தப் பக்கம் கையை நீட்டினார்.

“யாரு அவங்க?”

“போய்க் கேளுங்க, டாக்டர்.”

போனார். முழங்கால் புதையும் சேறு. கரைமேல் இருந்தவர்கள் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். நாற்பது குடும்பம். ஒரு குடிசைகூட மிஞ்சவில்லை. தகரம் கிழித்த கால்கள், நீரில் ஊறி வெடித்த பாதங்கள், வயிற்றுப்போக்கில் கண் குழிந்துபோன ஒரு கைக்குழந்தை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் முகாமுக்கு வரவில்லை என்று கேட்டார்.

“வந்தோம்,” என்றார் ஒரு பெண்.

அவர் பெயர் காத்தாயி. இடது முன்கையில் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றியிருந்தார். துணிக்கு மேலும் கீழும் கை வீங்கிப் பளபளத்தது.

நேற்றுக் காலையில் எல்லோருமாகத்தான் போனார்களாம். மண்டபத்து வாசலில் நிறுத்திப் பின்பக்கம் போகச் சொன்னார்களாம். மழையில் ஒரு மணி நேரம் நின்றபின், சுவருக்கு மேலாக மாத்திரை அட்டைகள் வந்து விழுந்தனவாம்.

“வேணுங்கறவங்க பொறுக்கிக்கிட்டாங்க,” என்றார் காத்தாயி. “எனக்கு விழுந்தத நான் திருப்பி உள்ளயே எறிஞ்சிட்டேன்.”

காசிராஜனுக்குச் சட்டென்று நினைவு வந்தது. நேற்று மண்டபப் பொறுப்பாளர் தியாகேசன் வந்து, பின்னால் சிலர் நிற்கிறார்கள், காய்ச்சல் மாத்திரை பத்து அட்டை கொடுங்கள் என்று கேட்டிருந்தார். யார், ஏன் பின்னால் என்று கேட்காமல், நிமிர்ந்தும் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தவர் இவர்தான்.

குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொடுத்து, சொட்டுச் சொட்டாகப் புகட்டச் சொன்னார். பிறகு பையோடு சேற்றிலேயே உட்கார்ந்து, காத்தாயியிடம் கையைக் காட்டச் சொன்னார்.

காத்தாயி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“மத்தவங்களுக்கு எங்க வச்சுப் பாக்குறீங்க?”

“மேசையில.”

“எனக்கும் மேசையில வச்சுப் பாருங்க.”

சீழ் பிடித்துவிட்டது, இன்னொரு நாள் விட்டால் கையே போய்விடலாம் என்று காசிராஜன் எடுத்துச் சொன்னார்.

“என் கைதான சார்,” என்றார் காத்தாயி.

மண்டபத்துக்குத் திரும்பிய வேகத்தில் காசிராஜன் தியாகேசனைப் பிடித்துக்கொண்டார். தியாகேசன் குரலை உயர்த்தவே இல்லை. முகாமுக்கு இடம், ஜெனரேட்டர், மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் ஊர் கொடுக்கிறது என்று நினைவூட்டினார். அவர்கள் உள்ளே காலை வைத்தால் மண்டபத்தைச் சுற்றியுள்ள மூன்று தெருவிலிருந்தும் ஒருவர்கூட வர மாட்டார்கள் என்றார்.

“மருந்து குடுக்காதீங்கன்னு நாங்க சொல்லலியே சார். உள்ள விடாதீங்கன்னுதான் சொல்றோம்.”

காசிராஜன் நேரே சலேத்மேரியிடம் வந்தார். கலெக்டருக்கு எழுதப்போவதாகச் சொன்னார்.

“எழுதுங்க. எப்ப வருவாங்க?”

“ரெண்டு நாள் ஆகலாம்.”

“அந்தம்மா கை அதுவரைக்கும் தாங்குமா?”

தாங்காது. சரி, சாயங்காலமாக நாமே மருந்தைக் கரைக்குக் கொண்டுபோய்விடலாம், இங்கே யாருக்கும் தெரியவே வேண்டாம் என்றார் காசிராஜன்.

“சுவருக்கு மேல எறிஞ்சதுக்கும் தெரியாம கொண்டுபோய்க் குடுக்கறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம், டாக்டர்?”

அப்படியென்றால் மண்டபத்தை விட்டே கிளம்ப வேண்டும் என்று காசிராஜனுக்குப் புரிந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அதையும் கேட்டுவிட்டார்.

“இங்கேருந்து கிளம்பிட்டா இந்த மூணு தெருக்காரங்க என்ன செய்வாங்க? அவங்களுக்கும்தான உடம்பு சரியில்ல?”

சலேத்மேரி மேசைமேல் இருந்ததையெல்லாம் எடுத்துப் பெட்டியில் வைத்தார். அது வேனில் கொண்டுவந்த இரும்பு மேசை. அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார்.

காசிராஜன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபக்கத்தைப் பிடித்தார்.

வாசலில் தியாகேசன் வழிமறித்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்றார்.

“ரோட்டுக்கு,” என்றார் சலேத்மேரி. “ரோடு யாரோடது சார்?”

“கவர்மெண்ட்டோடது.”

“அப்ப வழி விடுங்க.”

வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது, சாப்பாடும் கிடையாது, கரண்டும் கிடையாது என்று தியாகேசன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். முகாமுக்கு அவர்களோடு வந்த மற்ற நால்வரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து வந்தார்கள்.

மண்டபத்துக்கும் கரைக்கும் இடையில் தார்ச்சாலை. அதன் நடுவில் மேசையைப் போட்டார்கள். வேனின் கூரையிலிருந்து இரண்டு மூங்கில்களுக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். தூறல் விடவில்லை.

ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை.

தெருக்காரர்கள் மண்டபத்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உப்பளத்துக்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். முப்பது வருடத் தொழிலில் காசிராஜனை யாரும் வெளியே போ என்று சொன்னதில்லை. நனைந்த சட்டையோடு நடுரோட்டில் நின்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் உட்காரத் தோன்றவில்லை.

கரையிலிருந்து காத்தாயி தனியாக இறங்கி வந்தார். கையை மேசைமேல் வைத்தார்.

மரத்துப்போக ஊசி போட்டும், காசிராஜன் கீறிச் சீழை எடுத்தபோது காத்தாயியின் தாடை இறுகியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“வலிக்குதா?”

“வலிக்கட்டும். நீங்க பாருங்க.”

கட்டுப் போட்டு முடிக்கும்போது பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கைக்குழந்தையும் வந்திருந்தது. வேனின் கதவுக் கொக்கியில் ட்ரிப் பாட்டிலை மாட்டினார்கள். அரை மணியில் குழந்தை அழத் தொடங்கியது. அந்த அழுகையைக் கேட்டுத் தாய் சிரித்தார்.

மூன்று மணிக்கு மண்டபத்து வாசலிலிருந்து ஒரு பெண், மூச்சிரைக்கிற மாமனாரைத் தோளில் தாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்துவந்து, கால் புண்ணோடு நின்ற உப்பளத்துக்காரர் ஒருவருக்குப் பின்னால் நின்றார். அந்த மனிதர் கிழவரின் மூச்சைப் பார்த்துவிட்டு, தானாகவே விலகி அவர்களை முன்னால் விட்டார்.

அப்புறம் இருவர் வந்தார்கள். அப்புறம் ஏழு பேர். வரிசை வளைந்து சாலைக் கோடியில் இருந்த பாலத்தைத் தொட்டது. யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று காசிராஜனுக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லோர் கால்களிலும் ஒரே சேறு.

பொழுது சாயும் நேரத்தில் தியாகேசன் குடையோடு வந்தார். வரிசைக்குப் பக்கவாட்டில் நடந்து நேரே மேசையருகே வந்து, காசிராஜன் பக்கம் குனிந்தார்.

“நீங்க நெனச்சதச் சாதிச்சிட்டீங்க சார். இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வரிசைய மட்டும் ரெண்டாப் போட்டுக்கலாமா?”

காசிராஜன் சலேத்மேரியைப் பார்த்தார்.

சலேத்மேரி தரையில் குந்தி யாருடைய பாதத்தையோ கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

காசிராஜன் தியாகேசன் பக்கம் திரும்பினார்.

“வரிசையில நின்னு வந்து கேளுங்க சார். உங்க முறை வரும்போது பதில் சொல்றேன்.”