உப்பளத்துல ஒரு குளியல் மறைப்பு

ஒரு உப்பளத்துல ஓலைக் குடிசை ஒண்ணு இருந்துச்சாம். கரண்டு கிடையாது, குழாய் கிடையாது. வாரத்துக்கு ரெண்டு தடவ லாரியில நல்ல தண்ணி வரும், அவ்வளவுதான். அங்க சந்தனமாரின்னு ஒரு அம்மாவும், அவ மக முத்துக்கனியும் இருந்தாங்க. முத்துக்கனிக்குப் பத்தொன்பது வயசு. கேக்குறியா?

ம்.

உப்புத் தண்ணியிலயே நின்னு வேலை பாத்து, முத்துக்கனிக்கு இடுப்பு வரைக்கும் புண்ணு. தினமும் நல்ல தண்ணியில குளிச்சாத்தான் ஆறும்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. ஆனா ஒரு நாள் வரப்போரமா அவ குளிக்கும்போது, லாரிக்காரங்க வண்டிய நிறுத்திப் பாத்து சிரிச்சாங்களாம். அன்னைக்கு எந்திரிச்சு உள்ள போனவதான். அப்புறம் குளிக்கவே இல்ல. புண்ணு சீழ் வச்சு, காய்ச்சலும் வந்துருச்சு.

அப்போ சந்தனமாரி கடப்பாறைய எடுத்தா. பக்கத்துக் குடிசை ஞானப்பூ கேட்டா, "என்னக்கா, மாளிகை கட்டுதியோ?"

"குளிக்க இடம் கட்டுதேன். வந்து ஒரு கை பிடி."

நாலு உடைமரக் கம்பு நட்டு, பனை ஓலை கட்டினாங்க. கடக்காத்து வந்துச்சு. சர்ர்ர்... படபடபட. ஓலை மூணு பாத்தி தள்ளிக் கிடந்துச்சு. அப்புறம் கிழிஞ்ச உப்புச் சாக்கெல்லாம் சேத்துத் தைச்சு, கீழ கல்லு வச்சுக் கட்டினாங்க. அது நின்னுச்சு.

ம்.

அப்புறம் ஒரு பழைய பெயிண்ட் வாளி. அடியில ஆணியால ஓட்டை போட்டுத் தொங்கவிட்டா. சளார். சோப்பு நுரைக்கிறதுக்குள்ள வாளி காலி. அப்புறம் வேற வாளி தேடி, சைக்கிள் டியூப மாட்டி, அதோட முனையில ஒடஞ்ச பூவாளியோட மூக்கக் கட்டினா. டியூப மடக்கினா நிக்கும், விட்டா சிலுசிலுன்னு விழும். வெயில்ல வெதுவெதுன்னு வேற இருந்துச்சு.

அப்புறம் தரை. களிமண்ணக் கொட்டி ரெண்டு பேரும் மிதிச்சாங்க. தொப்பு, தொப்பு, தொப்பு. தண்ணி இறங்காம இருக்க வருசக்கணக்கா உப்புப் பாத்தி மிதிச்ச காலு இல்லையா? ஊத்தின தண்ணி ஒரு சொட்டு இறங்கல. அழுக்கோட அப்படியே தேங்கி நின்னுச்சு.

"இங்கயும் உப்பு விளைய வச்சிட்டியேக்கா" அப்படின்னா ஞானப்பூ. சந்தனமாரி சிரிக்கல. அந்த அழுக்குத் தண்ணியில நின்னா மக புண்ணு ஆறுமா? அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் தண்ணியப் பிடிச்சு நிறுத்துறதுதான். அதைப் போகவிடுறதுக்கு அவ கால் பழகவே இல்ல.

அப்புறம் மிதிச்சதையெல்லாம் அவளே கொத்தி எடுத்தா. ஒடஞ்ச ஓடும் சிப்பியும் மணலும் போட்டு, சரிவா ஒரு வாய்க்கால் வெட்டி, மேல இடைவெளி விட்டுப் பனஞ்சட்டம் அடுக்கினா. தண்ணி ஊத்தினா. கடகடன்னு ஓடிருச்சு.

ம்.

மத்தியானம் முத்துக்கனி சாக்கை விலக்கி உள்ள போனா. சந்தனமாரி வெளிய காவல் நின்னா. உள்ள முத்துக்கனி சாக்க இழுத்து இழுத்துப் பாத்தா. அப்புறம் சிலுசிலு, சிலுசிலு.

"அம்மா, எரியுது."

"எரியத்தான் செய்யும் தாயி. நல்லா விட்டுக் கழுவு."

கொஞ்ச நேரம் கழிச்சு, "அம்மா, நீ போம்மா."

"யாராவது வந்தா?"

"வந்தா வரட்டும். நான் குளிச்சிட்டுத்தான் வருவேன். நீ போ."

சந்தனமாரி பத்தடி போனா, நின்னா. திரும்பணும்னு கழுத்து கெஞ்சுச்சு. திரும்பல. வரப்பு மேல ஏறி நடந்துக்கிட்டே இருந்தா. பின்னால தண்ணி விழுந்துக்கிட்டே இருந்துச்சு.

கதை அம்புட்டுத்தான். கண்ண மூடிக்கோ. நான் இங்கயேதான் இருக்கேன்.