வாசலில் துடைத்த திருநீறு

மணிக்குன்றநாதர் குடிகொண்ட ஊரில், ஆற்றங்கரையை ஒட்டி ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே மாடிப்படிக்குக் கீழே, முன்பு துடைப்பமும் கால் ஒடிந்த நாற்காலியும் போட்டுவைத்த அறையில், குழல்வாய்மொழி அம்மையார் நாள்தோறும் கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருப்பார். பாத்திரம் கழுவ வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மையார் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஒரு படிகத்தின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, பிலிமில் விழும் புள்ளிகளைக் கொண்டு, உள்ளே அணுக்கள் எந்தெந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று கணக்கிட்டுச் சொல்வார். அந்த வட்டாரத்தில் அந்த வித்தையைக் கற்ற முதல் பெண்மணி அவர்தான். ஆனாலும் கிண்ணத்தை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

விடிந்ததும் ஆற்றில் குளிப்பார். ஈரத் தலையோடு கோயிலுக்குப் போய், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, நாதரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். கூடத்து வாசலுக்கு வந்ததும் குழாயடியில் முந்தானையை நனைத்து, அந்த நீற்றைத் துளி விடாமல் துடைத்துவிட்டுத்தான் உள்ளே காலடி வைப்பார். காரணம் இருந்தது. சுத்தமான கரைசலைக் கிண்ணத்தில் ஊற்றி, துணி கட்டி மூடி, ஆடாமல் அசையாமல் வைத்திருந்தால் மெல்ல மெல்லப் படிகம் விளையும். நடுவில் தூசி விழுந்தால் கண்டபடி பொடிந்து, எதற்கும் உதவாமல் போய்விடும். ஆகவே மனமில்லாமல்தான் துடைப்பார். துடைத்த முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இங்கனயே இரும் சாமி, சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இதை மாடி ஜன்னலில் இருந்து ஒருவர் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டாக்டர் நெல்லைநாயகம் பிள்ளை. லண்டனில் இதே வித்தையைப் படித்துவிட்டு வந்தவர். கோயிலுக்கும் அவர்தான் தர்மகர்த்தா. பூசை முடிந்ததும் முதல் திருநீறு அவருக்குத்தான். அதை மூன்று பட்டையாக, நெற்றியே தெரியாதபடி இட்டுக்கொண்டு கூடத்துக்கு வருவார். அவர் ஆராய்ந்ததெல்லாம் உப்பு, படிகாரம் மாதிரி தானே விளையும் சரக்கு. அதனால் நீறு விழுந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மனிதர் கெட்டவர் அல்லர். ஒரு நாள் வரை அம்மையாரைக் கண்டால் நாலு வார்த்தை அன்பாகப் பேசுகிறவர்தான். அந்த ஒரு நாள் என்ன நடந்தது என்றால், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கூடத்தைப் பார்க்க வந்தார். பிள்ளையவர்கள் தம் பிலிம்களை மேசை நிறையப் பரப்பி வைத்திருந்தார். வந்தவர் "நன்று, நன்று" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். மாடிப்படிக்குக் கீழே, அம்மையார் முன்பு வேறொரு படிகத்தை வைத்து எடுத்த பிலிம் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். கொண்டுவந்த காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. "இவ்வளவு தெளிவாக யார் எடுத்தது?" என்று கேட்டார். பின்னால் நின்ற நெல்லைநாயகம் பிள்ளைக்கு அப்போது வயிற்றில் ஒன்று பற்றிக்கொண்டது. அது பிறகு அணையவே இல்லை.

ஐயோ, அந்தப் பொறாமை அவரைப் படுத்திய பாடு! சோறு இறங்கவில்லை. வீட்டில் அவர் மனைவி ஆவுடையம்மை மோர் ஊற்றிக்கொண்டே, "படிக்கட்டு ரூம்பு அம்மாவைக் கோயில்ல பாத்தேன். என்ன களை அந்த மூஞ்சியில" என்று சொல்லிவிட்டாள். பிள்ளையவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்தார். "உனக்கும் அவதான் கிடைச்சாளா?" என்றார். அந்த அம்மாள் மோர்ச் செம்பும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் காலை, குழாயடியில் எல்லாரும் கூடியிருந்த நேரம், பிள்ளையவர்கள் வேண்டுமென்றே இறங்கி வந்தார்.

"என்னம்மா குழலு, செருப்பைக் கழட்டி விடுத மாதிரி சிவனையும் வாசல்லயே விட்டுட்டுப் போறியளோ?"

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அம்மையாரின் முகம் சிவந்தது. ஆனாலும் தலைநிமிர்ந்துதான் சொன்னார்.

"உள்ள அவரு வந்து உக்கார வேண்டிய எடம் அண்ணாச்சி. பெருக்கித் தொடச்சி வைக்கணும்லா?"

"உள்ள வந்து உக்காந்துட்டாராக்கும்?"

"இன்னும் இல்ல. வருவாரு."

அந்த "வருவாரு" பிள்ளையவர்களுக்கு முள்ளாகக் குத்தியது. தர்மகர்த்தா அவர், நெற்றி நிறைய நீறு அவருக்கு. நாதர் வருவதைச் சொல்வதற்கு இவள் யார் என்று நாளெல்லாம் பொருமினார்.

அம்மையார் காத்திருந்த படிகம் சாதாரணப் படிகம் அல்ல. மேற்கு மலையில் கசப்பன் என்று ஒரு மரம். அதன் பட்டைச் சாறு, பிள்ளைகளுக்குக் கைகால் வெட்டி இழுத்து வரும் வெட்டுக் காய்ச்சலை நிறுத்தும். ஆனால் ஒரு பட்டையில் மருந்து கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் குறைவாக இருக்கும். அளவு கூடினால் சாறே உயிரை எடுத்துவிடும். அம்மையார் இளவயதில் கணவரை இழந்தவர். இருந்த ஒரே மகள் செண்பகத்துக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது சாறு கொடுத்தார். காய்ச்சல் நின்றது. குழந்தையின் மூச்சும் நின்றது. அந்தப் பட்டைக்குள் இருக்கும் மருந்தின் வடிவம் மட்டும் தெரிந்துவிட்டால், அதைத் தனியாகச் செய்து, சரியான அளவில் எந்தப் பிள்ளைக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். வடிவம் தெரியப் படிகம் வேண்டும். மருந்தோ, எத்தனை முறை வடித்துச் சுத்தப்படுத்தினாலும் பிசினாகத்தான் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டது. வருடக்கணக்காக அப்படித்தான். "அம்மா கூழ் காய்ச்சுதாங்க" என்று கூடத்தில் கேலி செய்தார்கள். அம்மையார் பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி கழுவுவார்.

கூடத்தின் தலைவர் பொறுமையாகத்தான் இருந்தார். அவர் காதில் பிள்ளையவர்கள் விடாமல் ஓதினார். கடைசியில் தலைவர் அம்மையாரைக் கூப்பிட்டு, "மாசித் திருவிழாவுக்குள் அந்த மருந்தில் ஒரு படிகமாவது காட்டுங்கள். இல்லையென்றால் எக்ஸ்ரே எந்திரம் முழுவதும் பிள்ளையிடம் போய்விடும், உங்கள் அறையும் போய்விடும்" என்று சொல்லிவிட்டார். அம்மையார் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மிச்சமிருந்த மருந்தையெல்லாம் ஒன்றாகக் கரைத்து, ஒரே கிண்ணத்தில் ஊற்றி, துணி கட்டி மூலையில் வைத்தார். இது பிசினாகிவிட்டால் அடுத்த மழைக்குப் பிறகுதான் பட்டை கிடைக்கும். அன்றைக்குக் கோயிலில் நாதருக்கு முன்னால் நின்று, "எனக்கு ஒண்ணும் வேண்டாம். எம்மவளை மாதிரி இன்னொண்ணு போகப்பிடாது" என்று வாய்விட்டு அழுதார்.

எந்திரம் எப்படியும் தமக்கு வரப்போகிறது என்று தெரிந்தும் பிள்ளையவர்களுக்கு நிம்மதி வரவில்லை. ஒருவேளை விளைந்துவிட்டால்? இந்த "ஒருவேளை" அவரைத் தின்றது. மறுநாள் உச்சிக்காலப் பூசை முடிந்து, மூன்று பட்டையும் பளிச்சென்று துலங்க, நேரே கூடத்துக்கு வந்தார். அம்மையார் சாப்பிடப் போயிருந்தார். பிள்ளையவர்கள் படிக்கட்டு அறைக்குள் நுழைந்து, கிண்ணத்துத் துணியை அவிழ்த்தார். கரைசலை அசைத்தால் கெடும் என்று இந்த வித்தை படித்தவருக்குத் தெரியாதா? குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய், கிண்ணத்தை இரண்டு கையாலும் ஆட்டினார். போதாதென்று ஊதியும் பார்த்தார். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாகத் துணியைக் கட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக மாடி ஏறினார். அன்று மாலை கண்ணாடியில் பார்த்தபோது நடுப்பட்டையில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. வேர்வையில் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்.

திருவிழாவுக்குக் கொடியேற்றிய அன்று, அம்மையார் கிண்ணத்துத் துணியை அவிழ்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிசின் இல்லை. கிண்ணத்தின் அடியில், ஊசி ஊசியாக, கண்ணாடி மாதிரி தெளிந்த படிகங்கள். ஒன்றை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். நட்டநடுவில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி. அடுத்ததிலும் அப்படியே. பிடித்து உட்கார ஒரு துகள் கிடைக்காமல்தான் அந்த மருந்து இத்தனை காலம் பிசினாகவே கிடந்திருக்கிறது. அந்தத் துகள் என்னவென்று அம்மையார் சோதித்துப் பார்த்தார். திருநீறு!

"துடைச்சிட்டுல்லா வந்தேன்! கதவு பூட்டி, துணி கட்டி வச்சிருந்தேனே, நீரு எப்படிய்யா உள்ள வந்தீரு?" என்று அவர் அழுதது மாடிவரை கேட்டது. சாப்பிடப் போகும்போது கதவைப் பூட்ட மறந்தது அவருக்கு நினைவில்லை.

எந்திரம் அம்மையாரிடமே இருந்தது. ஆவணிக்குள் பிலிம் பிலிமாக எடுத்து, கணக்குப் போட்டுப் போட்டு, மருந்தின் ஒவ்வொரு அணுவும் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டார். அதைக் கொண்டு மருந்தைத் தனியாகச் செய்தார்கள். வெட்டுக் காய்ச்சல் வந்த முதல் குழந்தைக்கு அளந்து கொடுத்தார்கள். அது மறுநாள் எழுந்து இட்டிலி கேட்டது. அடுத்த மாசியில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் தலைவர், "படிகம் எப்படி விளைந்தது?" என்று கேட்டபோது அம்மையார், "நாதர் தானே வந்தாரு" என்று மட்டும் சொன்னார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நெல்லைநாயகம் பிள்ளையின் நிலைமையை என்னவென்று சொல்ல! அது யார் நெற்றி நீறு? அவர் நெற்றி நீறு! அவர் உதிர்க்காவிட்டால் படிகம் ஏது, மருந்து ஏது, இந்த மாலை ஏது? எழுந்து நின்று கத்தவேண்டும் போல் நாக்குத் துடித்தது. ஆனால் எப்படிச் சொல்வது? நீறு எப்படி விழுந்தது என்றால், குனிந்தேன் என்று சொல்லவேண்டும். ஏன் குனிந்தீர் என்றால்? தம் பங்கைக் கேட்கவும் முடியாமல், விடவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆவுடையம்மை கொண்டுவந்த காபியைத் தொடாமல், சாய்வு நாற்காலியில் விழுந்தார். கண் அசந்தது.

அந்தப் பகல் தூக்கத்தில் ஒருவர் வந்தார். கிழிந்த துண்டு, புழுதி படிந்த கால், உடம்பெல்லாம் நீறு.

"நெல்லைநாயகம், உனக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார். "எனக்கா?" என்றார் பிள்ளை.

"அவள் தினமும் என்னை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை வருவாள். நான் வந்து இருக்கவேண்டும் என்றே உள்ளே பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். ஆனால் அந்தச் சுத்தத்துக்காகவே என்னை வாசலில் துடைத்துவிட்டுப் போவாள். நானும் எத்தனை நாள்தான் அந்த முந்தானையிலேயே காத்துக் கிடப்பேன்? உள்ளே போக எனக்கு ஒரு நெற்றி வேண்டியிருந்தது. உன் நெற்றி கிடைத்தது."

பிள்ளையவர்கள் திடுக்கிட்டு எழுந்தார். முதலில் வந்தது அழுகை அல்ல, அந்தப் பழைய எரிச்சல்தான். இத்தனை காலம் என் நெற்றியில் ஏறி உட்கார்ந்திருந்தது அவள் அறைக்குப் போகவா? பிறகுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. கெடுக்கப் போன நெற்றியைக்கூட அருவருக்காமல் ஏறிக்கொண்டாரே என்று நினைத்ததும், சின்னப் பிள்ளைபோல் ஏங்கி ஏங்கி அழுதார். சட்டையைக்கூடப் போடாமல் கூடத்துக்கு நடந்தார்.

அம்மையார், மாலையெல்லாம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளையவர்கள் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவிழ்த்ததைச் சொன்னார், ஆட்டியதைச் சொன்னார், ஊதியதைச் சொன்னார். ஏன் என்பதையும், கனவையும் சொன்னார்.

அம்மையாரின் கை நின்றது. கழுவிய கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எம்மவ பேரைச் சொல்லி வச்ச கிண்ணம் அண்ணாச்சி அது. அதையா ஆட்டுனீய?"

"ஆமாம்மா. பாவி நான்."

அம்மையார் கண்ணை இறுக மூடித் திறந்தார். பிறகு பிள்ளையவர்களின் நெற்றியைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த மூன்று பட்டைக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார்.

"ஐயையோ, என்னம்மா இது! எழுந்திருங்க!"

"உங்களைக் கும்பிடலை அண்ணாச்சி. கெடுக்கத்தான் வந்தீய. அதை நான் அவ்வளவு லேசுல மறக்க மாட்டேன். ஆனா நான் வாசல்ல விட்டுட்டு வந்த எஞ்சாமியை நீங்கல்லா உள்ள தூக்கிட்டு வந்திருக்கீய."

மறுநாள் மாசித் தேரோட்டம். பூசை முடிந்து, குருக்கள் வழக்கம்போல் முதல் திருநீற்றைத் தர்மகர்த்தாவிடம் நீட்டினார். பிள்ளையவர்கள் கைநீட்டவில்லை. கூட்டத்தின் கடைசியில், தூண் ஓரமாக நின்ற அம்மையாரைக் காட்டி, "அவங்களுக்கு முதல்ல குடுங்க" என்றார். குருக்கள் தட்டோடு தயங்கினார். பிள்ளையவர்களே அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அம்மையாரின் முன்னால் நீட்டினார். தட்டை நீட்டும்போதும் வயிற்றுக்குள் ஏதோ லேசாகக் கடித்தது என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பாராம்.

அதன் பிறகு பிள்ளையவர்கள் மாடியில் இருந்து இறங்கி அம்மையாரின் அறைக்கு வரும்போதெல்லாம், வாசலிலேயே நின்று நெற்றியைத் தொட்டுக்கொண்டு கேட்பார்: "தாயி, துடைச்சிட்டு வரவா, இப்படியே வரவா?"

தாம் வணங்கிய நாதனைத் தம் பணிக்காக வாசலில் நிறுத்திவைத்து, அவனே உள்ளே வர வழி தேடும்படி செய்த குழல்வாய்மொழி அம்மையாரின் வெளுத்த விரல்கள் வாழ்க!